பட்டினி கிடந்தால் கல்லீரல் தன் கொழுப்பைத் தானே தின்றுவிடுமா? ‘ஆட்டோஃபேஜி’ பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் முடித்துவிட்டு வருகிறவர்களின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் அடிக்கடி தென்படும் வரி இது: ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, மஞ்சள் காமாலை இல்லை. “இது எல்லாருக்கும் இருக்கிறதுதான், விடுங்க” என்று ஆறுதல் சொல்ல வீட்டிலேயே ஒருவர் இருப்பார். அன்று இரவு யூடியூபைத் திறந்தால் இன்னொருவர் வேறு மாதிரி சொல்வார்: “16 மணி நேரம் சாப்பிடாம இருந்து பாருங்க. ஆட்டோஃபேஜி ஆன் ஆகிடும். லிவர் தன்னோட கொழுப்பைத் தானே தின்னு தீர்த்துடும். இதுக்கு நோபல் பரிசே கொடுத்திருக்காங்க.”

நோபல் பரிசு கொடுத்தது உண்மை. கல்லீரல் செல்கள் தங்களுக்குள் இருக்கும் கொழுப்பைத் தின்பதும் உண்மை. ஆனால் இந்த இரண்டு உண்மைகளுக்கும் ‘16 மணி நேரம்’ என்ற கணக்குக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பவர்களுக்கு அந்த இடைவெளி ஆபத்தாகவும் முடியலாம். எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எவ்வளவு கொழுப்பு இருந்தால் ஃபேட்டி லிவர்?

கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் தேங்கியிருந்தால் அதை ஃபேட்டி லிவர் என்கிறார்கள். மதுவால் வருவது ஒரு வகை. மது தொடாதவர்களுக்கும் சர்க்கரை நோய், தொப்பை, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கூடுவது போன்ற வளர்சிதை மாற்றக் கோளாறுகளோடு சேர்ந்து வருவது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைக்கு 2023இல் உலக அளவில் பெயரையே மாற்றினார்கள். முன்பு ‘மது சாராத’ என்று தொடங்கிய பெயர், இப்போது ‘வளர்சிதை மாற்றக் கோளாறோடு தொடர்புடைய’ என்று தொடங்குகிறது. சுருக்கமாக ‘மாஸ்ல்டி’.

நம் ஊர் நிலவரம்? சென்னையில் 541 பேரைப் பரிசோதித்து 2009இல் வெளியான ஆய்வில் 32 சதவீதம் பேருக்கு ஃபேட்டி லிவர் இருந்தது. அவர்களில் சர்க்கரை நோயாளிகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அது 54.5 சதவீதம். அதாவது பாதிக்கும் மேல். 2021இல் மத்திய அரசு இந்த நோயைத் தொற்றா நோய்கள் தடுப்புத் திட்டத்துக்குள் கொண்டுவந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

இவர்களில் பெரும்பாலோருக்குக் கொழுப்பு வெறும் கொழுப்பாகவே நின்றுவிடும். ஒரு பகுதியினருக்கு அழற்சி வரும், பிறகு தழும்பு விழும், கடைசியில் கல்லீரல் இறுகி சிரோசிஸ் ஆகும். யாருக்கு நிற்கும், யாருக்குப் போகும் என்ற கேள்விக்குப் பதில் தேடும் இடங்களில் ஒன்றுதான் செல்லுக்குள் இருக்கும் மறுசுழற்சி வேலை.

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்

முன்பெல்லாம் தெருவில் ஒருவர் தள்ளுவண்டியோடு வருவார். உடைந்த வாளி, ஓட்டைப் பாத்திரம், துருப்பிடித்த கம்பி எதைக் கொடுத்தாலும் எடை போட்டுப் பார்த்துப் பேரீச்சம்பழம் கொடுப்பார். ஆட்டோஃபேஜி என்பது ஏறக்குறைய அந்த வியாபாரம்தான். செல்லுக்குள் பழுதான புரதம், ஓய்ந்துபோன மைட்டோகாண்ட்ரியா, தேவைக்கு மேல் சேர்ந்த கொழுப்பு எல்லாவற்றையும் இரட்டைச் சவ்வால் ஆன ஒரு பை சுற்றி வளைத்துக்கொள்கிறது. அந்தப் பை, அமிலமும் நொதிகளும் நிரம்பிய லைசோசோம் என்ற இன்னொரு பையோடு போய் இணைகிறது. உள்ளே போனது சிதைந்து அமினோ அமிலமாகவும் கொழுப்பு அமிலமாகவும் வெளியே வருகிறது. செல் அதை எரித்துச் சக்தியாக்கும், அல்லது புதுப் பொருள் கட்டப் பயன்படுத்தும்.

இந்தக் கதை தொடங்கியதே கல்லீரலில்தான் என்பது பலருக்குத் தெரியாது. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ், இன்சுலின் கல்லீரலில் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். எலியின் கல்லீரலை அரைத்து ஒரு நொதியின் அளவை எடுத்தபோது, எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஐந்து நாள் கழித்து அளந்தால் முழு அளவும் இருக்கிறது! நொதி எங்கும் போகவில்லை. ஏதோ ஒரு பைக்குள் பூட்டிக் கிடந்திருக்கிறது, நாளாக நாளாகப் பை கிழிந்து வெளியே வந்திருக்கிறது. அந்தப் பைக்கு 1955இல் லைசோசோம் என்று பெயர் வைத்தார். 1963இல் ‘ஆட்டோஃபேஜி’ என்ற சொல்லையும் அவரே உருவாக்கினார். கிரேக்கத்தில் ‘தன்னைத் தானே தின்பது’ என்று பொருள். 1974இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

யூடியூபில் சொல்லப்படும் நோபல் அது அல்ல, 2016இல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்குக் கிடைத்தது. அவர் வேலை செய்தது மனிதர்களிடம் அல்ல, எலிகளிடமும் அல்ல. ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டில். ஈஸ்ட்டின் சிதைக்கும் நொதிகளை முடக்கிவிட்டுப் பட்டினி போட்டார். தின்ன வந்த பைகள் செரிமானம் ஆகாமல் உள்ளேயே குவிந்து நின்றதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அடுத்து, இந்த வேலைக்குத் தேவையான 15 மரபணுக்களை 1993இல் அடையாளம் காட்டினார். அதே மரபணுக்களின் உறவுக்காரர்கள் மனித உடலிலும் இருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. நோபல் பரிசு இந்த இயந்திரத்தின் பாகங்களைக் கண்டுபிடித்ததற்கு. விரதத்துக்கு அல்ல.

கொழுப்பைத் தின்னும் வேலை

கொழுப்புத் துளியின் மேற்பரப்பில் நொதிகள் உட்கார்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன என்றுதான் வெகுகாலம் பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. அது தவறில்லை, ஆனால் முழுக் கதையும் அல்ல. 2009இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரஜத் சிங், மார்க் செய்சா, அனா மரியா குவெர்வோ உள்ளிட்ட குழு ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. சுண்டெலியின் கல்லீரலில் ஆட்டோஃபேஜிக்குத் தேவையான ஒரு மரபணுவை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். கல்லீரலில் கொழுப்பு குவிந்தது. நல்ல செல்களில் ஆட்டோஃபேஜிப் பைகள் கொழுப்புத் துளியிலிருந்து துண்டு துண்டாகக் கிள்ளி எடுத்துக்கொண்டு லைசோசோமுக்குப் போவதும் தெரிந்தது. இதற்கு ‘லிப்போஃபேஜி’ என்று பெயர்.

இது எலியோடு நிற்கிற விஷயம் இல்லை என்பதற்கு மனிதரிடமே ஒரு துயரமான சான்று உண்டு. லைசோசோமுக்குள் கொழுப்பை உடைக்கும் அமில லிப்பேஸ் என்ற நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் மிக அரிதாகப் பிறக்கிறார்கள். ‘வோல்மன் நோய்’ என்பார்கள். பிறந்த சில வாரங்களிலேயே கல்லீரல் கொழுப்பால் வீங்கும். சிகிச்சை இல்லாமல் ஒரு வயதைத் தாண்டுவதே கடினம். அந்த ஒரே நொதியை ஊசி மூலம் கொடுக்கும் செபெலிபேஸ் ஆல்ஃபா என்ற மருந்துக்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மறுசுழற்சிக் கூடத்தில் ஒரே ஒரு கத்தி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

எங்கே அடைத்துக்கொள்கிறது?

வோல்மன் நோய் இல்லாத, நன்றாக இருந்த ஒருவரின் கல்லீரலில் இந்த வேலை ஏன் தடைபடுகிறது? ஒரே இடத்தில் அல்ல, பல இடங்களில்.

முதல் தடை இன்சுலின். சாப்பிட்டதும் இன்சுலின் ஏறும். கூடவே அமினோ அமிலங்களும் வரும். செல்லுக்குள் ‘எம்டார்’ என்ற ஓர் அமைப்பு இவற்றைப் பார்த்து, “சரக்கு வந்தாச்சு, பழசைப் பிரிக்க வேண்டாம்” என்று ஆட்டோஃபேஜியை நிறுத்திவைக்கும். சாப்பாட்டுக்கு நடுவே இன்சுலின் இறங்கும்போது வேலை மறுபடி தொடங்கும். காலை டிபன், பதினொரு மணிக்கு பிஸ்கட்டோடு டீ, மதியம் சாதம், நாலு மணிக்கு பஜ்ஜி, ராத்திரி பரோட்டா என்று போனால் இன்சுலின் இறங்க நேரமே இல்லை. உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் உள்ளவர்களுக்கோ வெறும் வயிற்றிலும் இன்சுலின் கூடுதலாகவே நிற்கும்.

இரண்டாவது தடை, பை போய் லைசோசோமோடு சேருகிற இடத்தில். கொழுப்பு மிகுந்த உணவு சவ்வுகளின் சேர்க்கையையே மாற்றிவிடுவதால் இரண்டு பைகளும் ஒட்ட மறுக்கின்றன. ஜப்பானின் ஒசாகா ஆய்வாளர்கள் 2016இல் இன்னொன்றைக் காட்டினார்கள்: இந்தச் சேர்க்கைக்குப் பிரேக் போடும் ‘ரூபிகான்’ என்ற புரதம், ஃபேட்டி லிவர் உள்ள எலிகளிடமும் நோயாளிகளிடமும் கூடியிருந்தது. எலியின் கல்லீரலில் அதை நீக்கியபோது கொழுப்புச் சேர்வதும் செல்கள் சாவதும் குறைந்தன.

மூன்றாவது, லைசோசோமுக்கு உள்ளேயே. அமிலத்தன்மை குறைந்தால் நொதிகள் மந்தமாகிவிடும்.

ஆக, தள்ளுவண்டிகள் தெருவில் வரிசையாக நிற்கின்றன, கடையின் ஷட்டர்தான் மூடியிருக்கிறது. நோயாளிகளின் கல்லீரல் திசுவை எடுத்துப் பார்க்கும்போது, ஆட்டோஃபேஜியில் அழிந்திருக்க வேண்டிய ‘பி62’ என்ற புரதம் குவிந்து கிடப்பதும் இதைத்தான் சொல்கிறது. கொழுப்பு கூடினால் மறுசுழற்சி குறைகிறது, மறுசுழற்சி குறைந்தால் கொழுப்பு இன்னும் கூடுகிறது. கூடவே பழுதான மைட்டோகாண்ட்ரியாக்களும் அகற்றப்படாமல் தங்கிப் புகைவதால் அழற்சிக்கும் வழி பிறக்கிறது.

அப்போ முடுக்கிவிட்டால் போதுமே?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. வீடியோக்கள் பேசாமல் விடுவதும் இதைத்தான். கல்லீரலில் இருப்பது ஒரே வகைச் செல் அல்ல. தழும்பு நாரை உற்பத்தி செய்யும் ‘ஸ்டெல்லேட்’ செல்கள் என்றொரு வகை உண்டு. அமைதியாக இருக்கும்வரை அவை வைட்டமின் ஏ-வையும் கொழுப்பையும் சேமித்து வைத்திருக்கும். கல்லீரல் காயப்படும்போது அவை விழித்து, தங்கள் கொழுப்பைக் கரைத்துக் கிடைக்கும் சக்தியில் நாரை நூற்கத் தொடங்கும். அந்தக் கொழுப்பைக் கரைத்துக் கொடுப்பதும் ஆட்டோஃபேஜிதான். ஸ்டெல்லேட் செல்லில் ஆட்டோஃபேஜியை நிறுத்தினால் எலிகளில் தழும்பு குறைகிறது என்று 2012இல் நியூயார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு செல்லில் மருந்து, பக்கத்துச் செல்லில் விஷம்.

புற்றுநோயிலும் இதே இரட்டை வேடம். ஆட்டோஃபேஜி இல்லாத எலிகளின் கல்லீரலில் கட்டிகள் முளைக்கின்றன. ஆனால் ஏற்கெனவே வளர்ந்த புற்றுச்செல்கள் உயிர் பிழைக்க அதே ஆட்டோஃபேஜியைப் பயன்படுத்திக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, ஆட்டோஃபேஜி மரபணுவை நீக்கினால் கல்லீரலில் கொழுப்பு குறைகிறது என்று நேர்மாறாகச் சொல்லும் எலி ஆய்வுகளும் இருக்கின்றன. எந்த மரபணு, எந்த வயது, என்ன தீனி என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. என் பார்வையில், ‘ஆட்டோஃபேஜி நல்லது’ என்று ஒரே வரியில் சொல்கிறவர் இதையெல்லாம் படிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

16 மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது?

பட்டினி போட்ட எலியின் கல்லீரலில் ஆட்டோஃபேஜி வேகமெடுப்பது பல ஆய்வகங்களில் உறுதியான ஒன்று. ஆனால் சுண்டெலியின் ஒரு நாள் நமக்கு ஒரு நாள் அல்ல. அதன் உடல் நம்முடையதைவிடப் பல மடங்கு வேகத்தில் எரிகிறது. ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால் அதன் எடையே கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்துவிடும். அதை அப்படியே கடிகாரத்தில் மாற்றி மனிதருக்கு 16 மணி நேரம் என்று சொல்ல அடிப்படை இல்லை. உயிரோடு இருக்கும் மனிதரின் கல்லீரலில் ஆட்டோஃபேஜி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று அளக்க எளிய வழியும் கிடையாது.

இன்னொரு முரணையும் கவனியுங்கள். நீண்ட பட்டினியில் தொப்பையிலிருந்தும் தொடையிலிருந்தும் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் இறங்கி, கல்லீரலுக்குத்தான் முதலில் வருகின்றன. பட்டினி போட்ட எலியின் கல்லீரலில் தற்காலிகமாகக் கொழுப்பு கூடவே செய்கிறது. மிக வேகமாக எடை குறைப்பவர்களுக்குக் கல்லீரல் அழற்சி மோசமாகலாம் என்று மருத்துவர்கள் எச்சரிப்பதும் இதனால்தான்.

சரி, மனிதர்களிடம் நேரடியாகச் சோதித்தார்களா? சோதித்தார்கள். சீனாவின் குவாங்சோவில் உடல் பருமனும் ஃபேட்டி லிவரும் உள்ள 88 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கும் கலோரி அளவு ஒன்றே. ஒரு குழு காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் மட்டும் சாப்பிட வேண்டும். அதாவது தினமும் 16 மணி நேரம் விரதம். மற்ற குழுவுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. முடிவு 2023இல் வெளியானது. ஆறு மாதத்தில் இரண்டு குழுவிலும் கல்லீரல் கொழுப்பு 8 சதவீதத்தை ஒட்டியே குறைந்திருந்தது. வித்தியாசம் சொல்லும்படி இல்லை. வேலை செய்தது கடிகாரம் அல்ல, தட்டில் குறைந்த அளவு.

இதை விரதத்துக்கு எதிரான வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ராத்திரி ஒன்பது மணி பரோட்டாவைத் தவிர்க்க நேரக் கட்டுப்பாடு சிலருக்கு உதவுகிறது என்றால் நல்லதுதான். ஆனால் இன்சுலினோ, கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் நீண்ட விரதம் இருந்தால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். ஏற்கெனவே சிரோசிஸ் உள்ளவர்களுக்கு நீண்ட பட்டினியே கூடாது. அவர்களைப் படுக்கப் போகும் முன் ஏதாவது சாப்பிடச் சொல்வார்கள்.

காபியும் மருந்தும்

சிங்கப்பூரின் டியூக்–என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் ரோஹித் சின்ஹா உள்ளிட்ட குழு, தைராய்டு ஹார்மோன் கல்லீரலில் லிப்போஃபேஜியைத் தூண்டுகிறது என்று 2012இலும், கஃபைன் எலிகளில் அதையே செய்கிறது என்று 2014இலும் எழுதியது. காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதாக மனித ஆய்வுகளும் பல சொல்கின்றன. மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டிகிரி காபிக்கு இது பொருந்தாது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

தைராய்டு பக்கம் கதை மருந்துக் கடைவரை வந்துவிட்டது. கல்லீரலில் உள்ள தைராய்டு ஏற்பியை மட்டும் குறிவைக்கும் ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரைக்கு 2024 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி தந்தது. தழும்பு விழத் தொடங்கிய ஃபேட்டி லிவருக்கு என்று வந்த முதல் மருந்து அதுதான். 2025 ஆகஸ்டில் எடை குறைப்பு ஊசியான செமாகுளுடைடும் சேர்ந்தது. இரண்டும் ‘கிரேடு 1’ என்று எழுதியவுடன் போடுகிற மருந்துகள் அல்ல.

ரிப்போர்ட்டில் என்ன பார்க்க வேண்டும்?

ஸ்கேனில் வரும் கிரேடு 1, 2, 3 எல்லாம் கொழுப்பின் அளவைத்தான் சொல்கின்றன. கல்லீரலின் எதிர்காலத்தைச் சொல்வது தழும்பு. அதற்கு ‘ஃபிப்-4’ என்று எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. தேவையான எண்கள் ஏற்கெனவே உங்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இருக்கும். வயதை ஏஎஸ்டி அளவால் பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரத்தில் எடுத்து (2 லட்சம் என்றால் 200), ஏஎல்டி அளவின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். 50 வயது, ஏஎஸ்டி 40, ஏஎல்டி 49, பிளேட்லெட் 2 லட்சம் உள்ளவருக்கு 2000-ஐ 1400-ஆல் வகுத்தால் 1.43. விடை 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. மேலே போனால் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். 65 வயது கடந்தவர்களுக்கு எல்லை 2.

எடை குறைப்பதில் உள்ள கணக்கும் தெளிவானது. 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். ஐந்தரை கிலோவைத் தாண்டினால் அழற்சி தணிய வாய்ப்பு, 8 கிலோ குறைத்தால் தழும்பே சிலருக்குப் பின்வாங்குகிறது. எடை குறையாவிட்டாலும் உடற்பயிற்சி கல்லீரல் கொழுப்பைக் குறைக்கிறது. ஒல்லியாக இருப்பவர்களும் தப்பித்தோம் என்று நினைக்க முடியாது. ஆசியர்களிடம் தொப்பை மட்டும் உள்ள ஒல்லி உடம்பிலும் இந்த நோய் உண்டு. ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணம் கல்லீரல் அல்ல, மாரடைப்பும் பக்கவாதமும் என்பதால் பிரஷரையும் கொலஸ்ட்ராலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

‘ஆட்டோஃபேஜி பூஸ்டர்’, ‘லிவர் டீடாக்ஸ்’ என்ற பெயர்களில் ஆன்லைனில் விற்கும் மாத்திரைகளை வாங்குவதற்கு முன் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். அடர்த்தியாக்கிய கிரீன் டீ சாறு இருக்கிறதா என்று தேடுங்கள். கோப்பையில் குடிக்கும் கிரீன் டீயில் பிரச்சினை இல்லை. மாத்திரையாக அடைத்த அந்தச் சாறு கல்லீரலையே பாதித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன.